டிப்ரீஃபிங் செய்யும் தகுதியைப் பெற்ற விதம்

விமானப்படைத் தேர்வுக்குத் தயாராகும் கடலூர், புதுச்சேரி மாணவர்கள் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரும்போது, பறந்து இறங்கிய விமானியை உட்காரவைத்து அவர் பறந்ததை அலசும் டிப்ரீஃபிங் பணிக்கு எந்தப் பதவி வேண்டும் என்று கேட்பார்கள். ஃப்ளையிங் ஆபீசராகச் சேர்பவர் 2 ஆண்டுகளில் ஃப்ளைட் லெப்டினன்ட் ஆகிறார். சேர்ந்ததிலிருந்து 6 ஆண்டுகளில் ஸ்குவாட்ரன் லீடர் ஆகிறார். ஆனால் மற்றொருவர் பறந்ததை மதிப்பிடும் உரிமை தோள்பட்டையில் ஏறும் பட்டையோடு சேர்ந்து வருவதில்லை என்பதை நான் அந்தப் பாதையில் நடந்தே அறிந்தேன்.

ஸ்குவாட்ரன் எனப்படும் விமானப்படைப் பிரிவில் சில ஆண்டுகள் பறந்த பின்னர், கமாண்டிங் ஆபீசரின் பரிந்துரையின் பேரில் தாம்பரத்தில் உள்ள விமானப் பயிற்றுநர் பள்ளிக்குச் சென்றேன். 1948இல் அம்பாலாவில் தொடங்கி 1954இல் தாம்பரத்துக்கு வந்த பள்ளி அது. அங்கே முதலில் கற்பது பேட்டர், அதாவது விமானத்தை ஓட்டிக்கொண்டே அதன் ஒவ்வோர் அசைவையும் அது நிகழும் கணத்திலேயே சொல்லில் விளக்கும் முறை. விடுமுறையில் கடலூர் வந்தால், தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடியற்காலையில் நடந்தபடி அந்தப் பாடங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவேன்.

மிகக் கடினமானது கிவ்-பேக் சார்ட்டிதான். சார்ட்டி என்பது ஒருமுறை பறந்து திரும்புவது. கிரண் ஜெட்டில் பக்கத்தில் அமரும் பயிற்றுநர் மாணவரைப் போல நடித்து வேண்டுமென்றே தவறு செய்வார். நாம் அதைக் கண்டுபிடித்து, இறங்கியபின் அவருக்கே டிப்ரீஃபிங் செய்ய வேண்டும். அதன்பின் நம் டிப்ரீஃபிங்கை அவர் அலசுவார். ஒருமுறை அவர் தரையிறங்கும்போது விமானத்தின் மூக்கை மிக உயரத்திலேயே தூக்கினார். அதை அப்படியே சொன்னால் போதாது, அவர் பார்வை எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். கண் விமானத்துக்கு மிக அருகே உள்ள தரையில் பதிந்தால் தரை மங்கலாக விரைந்து ஓடும், கை அவசரப்பட்டு, விமானத்தை இயக்கும் பிடியான ஸ்டிக்கைப் பின்னிழுத்துவிடும். காரணத்தைத் தொட்டு, அடுத்த சார்ட்டியில் பார்வையை ஓடுபாதையில் சற்றுத் தொலைவில் வைக்குமாறு சொல்லி முடிப்பதே டிப்ரீஃபிங். இந்த ஒழுங்கை நான் இன்றும் மிகவும் மதிக்கிறேன்.

நான் ஃப்ளைட் லெப்டினன்டாக இருந்தபோதே, அலுவலகப் பணியிலிருந்து மீண்டும் பறக்க வந்த, என்னைவிட இரண்டு படி உயர்ந்த பதவியில் இருந்த விங் கமாண்டர் ஒருவருக்கு டிப்ரீஃபிங் செய்தேன். "சார்" என்றுதான் அழைத்தேன். குறைகள் எதையும் மென்மைப்படுத்தவில்லை, அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. விமானத்தின் கேப்டன் யார் என்பதையே பதவி அல்ல, தகுதிதான் தீர்மானிக்கிறது. டிப்ரீஃபிங் அறையிலும் அதே நியதிதான்.

பயிற்றுநரான பிறகும் சி, பி, ஏ2, ஏ1 என்று தகுதிநிலைகள் உண்டு. ஏட்டறிவு, பறக்கும் திறன், கற்பிக்கும் திறன் மூன்றையும் காட்டித்தான் அவற்றில் ஒவ்வொரு படியாக ஏற முடியும். என்னிடம் வரும் மாணவர்களுக்கு நான் முதலில் எழுதிக் கொடுப்பது பதவிகளின் வரிசையை அல்ல, இந்த வரிசையைத்தான்.