மூச்சுக்கு ஒரு பொன்னோடு

ஆருத்ரா முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டதே, கூட்டம் வடிந்திருக்கும் என்று நம்பி மாயவரத்தில் சிதம்பரத்துக்கு முதல் பஸ் ஏறினோம். கொள்ளிடம் பாலம் தாண்டும்போதே என் மனைவி கைகூப்பிவிட்டாள். அவளுக்காக நான் வேண்டிக்கொண்ட பிரார்த்தனை இது.

கீழ வீதியில் கால் வைக்க இடமில்லை. "சார், முன்னாடி நிக்க வைக்கிறேன், பாத்துக் குடுங்க" என்று ஓர் ஆள் கோபுர வாசல்வரை தொடர்ந்து வந்தான். சுவாமி தரிசனத்தை விலை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போகட்டும்.

போன ஆடியில் கயிலாயம் போனோம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு 'பாயில் விதி' நடத்தியவன் நான். அழுத்தம் குறைந்தால் வாயு விரியும் என்று 1662-ல் ராபர்ட் பாயில் எழுதியதை, கயிலை அடிவாரத்து ஊரான டார்ச்செனில் கண்ணால் கண்டேன். ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்குப் பொட்டலம் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. இவள் வயிறும் அப்படியே உப்பி, சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீர் அங்கே 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சோறும் அரைவேக்காடு.

3,000 மீட்டரைத் தாண்டினால், இரவு தங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, நடுநடுவே ஓய்வு நாளும் வேண்டும். கடலோர வயலில் வளர்ந்த உடம்பு வேறெப்படிப் பழகும்? அழைத்துப்போனவர்கள் அதற்கு அவகாசமே தரவில்லை.

கயிலையைச் சுற்றிவரும் பரிக்ரமாவில் இரவு தங்கும் இடம் டேராபுக், ஏறத்தாழ 5,000 மீட்டர். அன்றிரவு அவளுக்குத் தலைவலி, வாந்தி, உட்கார்ந்த இடத்திலேயே இளைப்பு. காற்றில் ஆக்சிஜன் அங்கேயும் நூற்றுக்கு 21 பங்குதான். ஆனால் அதை நுரையீரலுக்குள் தள்ளுகிற அழுத்தம் நம்மூரில் 160 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் அங்கே 85தான். டால்டனின் பகுதி அழுத்த விதியைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டிய கருவி நூற்றுக்கு 62 காட்டியது. வாட்சை வைத்துக்கொண்டு அவள் மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு 34.

"ஏங்க, நீங்க டோல்மா லா கணவாய்க்குப் போயிட்டு வாங்க. நான் இங்கயே படுத்திருக்கேன்" என்றாள்.

வெளியே கயிலையின் வடமுகம் வெள்ளை வெளேரென்று நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே தில்லையை நினைத்து அழுதேன். "நடராஜா, இவளைக் கீழே சேர்த்துவிடு. அழைத்துவந்து உன் முன்னால் நிறுத்துகிறேன்."

ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டி விடிவதற்குள் இறக்கினோம். உயரத்தால் வரும் இந்த நோய்க்குக் கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. தயவுசெய்து யாரும் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். 3,000 மீட்டருக்குக் கீழே வந்த பிறகே அவள் உதட்டில் நிறம் திரும்பியது. பரிக்ரமா பாதியில் நின்றதில் எனக்குக் குறையே இல்லை.

சிதம்பரத்தில் நடராஜர் ஆடும் சிற்சபைக் கூரையில் 21,600 பொன்னோடுகள். நிமிஷத்துக்குப் பதினைந்து என்று ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சு அத்தனை. சின்ன வயதிலிருந்து கேட்ட கணக்குதான், ஆனால் அன்றைக்கு அண்ணாந்து பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒவ்வொன்றையும் எண்ணித்தானே அப்பன் நமக்கு அளக்கிறான்! பின்னாலிருந்து நெரித்த கூட்டத்தில் இவள் என் தோளோடு ஒட்டி நின்றாள். காதருகே அவள் மூச்சு. என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று... அவசரமே இல்லாத மூச்சு.

சிதம்பர ரகசியத்தின் திரை விலகியது. பொன் வில்வமாலை பளிச்சென்று தெரிந்தது. "சிவசிதம்பரம்!" என்று அவள் அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள். ஒன்பதோ பத்தோ, எண்ணிக்கை விட்டுப்போயிற்று.