கிண்ணத்தின் ஓசை எப்போது அடங்குகிறது?

பிள்ளைக்கு முழுக்கவனம், அதாவது இந்த நொடியில் நடப்பதைக் கூர்ந்து கவனிப்பது (mindfulness), பழக்கலாம் என்று ஆசைப்படும் பெற்றோர் பலர், "கண்ண மூடு, கையக் கட்டு, ஆடாம உட்காரு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அங்கேயே பாதி கெட்டுவிடுகிறது. ஆடாமல் உட்கார்ந்துகொண்டே நாளைய கணக்குப் பரீட்சையை நினைத்துப் பயப்படலாம்; ஆடிக்கொண்டே ஒரு சத்தத்தைக் கூர்ந்து கேட்கவும் செய்யலாம். மனம் ஓடும். ஓடியதைக் கண்டுபிடித்துத் திரும்பி வருவதுதான் பயிற்சி. ஐந்து வயதுப் பிள்ளை மூன்று நிமிடத்தில் பத்து முறை ஓடிப் பத்து முறை திரும்பினால் அது நல்ல நாள்.

முதலில் ஒரு வெண்கலக் கிண்ணம் வேண்டும். மலேசியாவில் பினாங்கு லிட்டில் இந்தியா பாத்திரக் கடைகளில் தட்டிப் பார்த்தே வாங்கலாம். தட்டினால் பத்து விநாடியாவது ரீங்காரம் நிற்க வேண்டும். பூஜை மணி சரிப்படாது, நாக்கு திரும்பத் திரும்ப அடித்து ஓசையைக் கெடுக்கும். மடித்த துண்டின்மேல் கிண்ணத்தை வைத்து, மரக்கரண்டியால் விளிம்பில் ஒரே ஒரு தட்டு. ஓசை முழுக்க அடங்கியது என்று தோன்றும்போது பிள்ளை கையைத் தூக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல் கடைசி மூன்று நான்கு விநாடியை விழுங்கிவிடும். கண்ணை மூடப் பிடிக்காத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம், தரையில் ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும்.

இதில் வழக்கமாக வரும் தொல்லை போட்டி. "நான்தான் கடைசி வரைக்கும் கேட்டேன்!" என்று அக்கா சொல்ல, தம்பி அடுத்த முறை அரை நிமிடம் கையைத் தூக்கவே மாட்டான். யாருக்கும் பாராட்டு வேண்டாம், யாரையும் திருத்தவும் வேண்டாம். "ஓசை போன பிறகு வேற என்ன கேட்டுச்சு?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, மோட்டார், பல்லி என்று வரிசையாக வரும். போட்டி தானாகத் தணிந்துவிடும்.

மூச்சுக்கு ஃபெரி விளையாட்டு. பாயில் மல்லாந்து படுத்து, தொப்புளுக்கு மேல் 200 கிராம் பாசிப்பயறு பொட்டலம் ஒன்றை வைக்க வேண்டும். அதுதான் பினாங்கிலிருந்து எதிர்க்கரை பட்டர்வொர்த் போகும் ஃபெரி படகு, வயிறு கடல். பஞ்சுப் பொம்மை வைத்தால் எடை தெரியாது, சரிந்தும் விழும். எப்படியும் பிள்ளை வயிற்றை எக்கி எக்கிப் புயல் கிளப்பும். மூன்று மூச்சுக்கு விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பலமாக இழுத்துவிட்டால் தலை சுற்றும். பிறகு ஃபெரி துறைமுகம் வந்துவிட்டது, அலையை யாரும் உண்டாக்கத் தேவையில்லை, பார்த்தால் போதும் என்று சொல்லுங்கள். பத்து மூச்சு எண்ணி நிறுத்திவிடலாம். புகைமூட்டக் காலத்திலும், சளி, இழுப்பு உள்ள நாளிலும் மூச்சுப் பக்கமே போக வேண்டாம். மூக்கடைத்த பிள்ளையை மூச்சைக் கவனிக்கச் சொன்னால் பயம்தான் வரும். வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நின்று, பாரம் குதிகாலில் இருக்கிறதா விரலில் இருக்கிறதா என்று பார்ப்பது அன்றைக்குப் பொருந்தும்.

1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின் தொடங்கிய எட்டு வார முழுக்கவனப் பயிற்சியில், ஓர் உலர்திராட்சையை நிதானமாகத் தின்பது பேர்பெற்ற பாடம். நம் பிள்ளைகளுக்கு முறுக்கு அதைவிட மேல், ஏனென்றால் அதற்குச் சத்தம் உண்டு. விரல் நீளத் துண்டு ஒன்று. முகர்ந்து பார்த்து, காதருகே வைத்து உடைத்து, கடித்தபின் சத்தம் எத்தனை கடி வரைக்கும் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "ம்" என்ற ஒரே பதிலோடு கவனிப்பு முடிந்துவிடும். "எந்தக் காதுல சத்தம் அதிகம்?" என்றால் இன்னொரு கடி கடித்துப் பார்க்கும். ஐந்து வயதுக்குக் கீழே முறுக்கும் கச்சாங் பூத்தே எனும் கடலை வகையும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். பழுத்த வாழைப்பழத் துண்டு கொடுங்கள்.

குலுக்கிவிட்டுத் தூள் படிவதைப் பார்க்கும் மினுக்குப் பாட்டில் எல்லோருக்கும் பிடிக்கும், பாதிப் பேருக்குச் சரியாக வராது. 400 மில்லி பாட்டிலில் 300 மில்லி வெதுவெதுப்பான நீர், 4 மேசைக்கரண்டி நிறமற்ற பசை, 2 தேக்கரண்டி மினுக்குத்தூள், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. பச்சைத் தண்ணீரில் பசை கட்டியாகும். வெள்ளைப் பசை போட்டால் பால் மாதிரி கலங்கும். சோப்பு இல்லாவிட்டால் தூள் மேலேயே மிதக்கும். குலுக்கி வைத்தால் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் பெரும்பாலும் படிய வேண்டும். ஐந்து நிமிடம் ஆனால் பசை அதிகம், வெந்நீர் கொஞ்சம் சேருங்கள். மூடியை வலுவான பசையால் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் சோபாவுக்கு ஆபத்து. கோபம் வந்த பிள்ளையிடம் "போ, போய்ப் பாட்டிலைப் பாரு" என்று ஒரு முறை சொன்னால் அது தண்டனைப் பாட்டிலாகிவிடும், பிறகு தொடாது. நீங்களே கோபமாக இருக்கும்போது எடுத்துக் குலுக்கி உட்காருங்கள். பக்கத்தில் வந்து உட்காரும்.

பெற்றோரும் கூடவே செய்ய வேண்டும் என்பதைச் சும்மா சொல்லவில்லை. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த மைரியட் ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது: பள்ளியில் பாடமாக நடத்திய முழுக்கவன வகுப்பு, வழக்கமான வகுப்பைவிட அவர்கள் மனநலத்தைக் கூட்டவில்லை. பெரும்பாலோர் வீட்டில் அதைப் பழகவும் இல்லை. சிறு பிள்ளையோடு வீட்டில் ஆடும் விளையாட்டுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் அப்பா கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டே "நீ செய்" என்றால் இங்கேயும் அது பாடம்தான், வீட்டுப்பாடம்.

வீட்டில் பல்லாங்குழி மாதிரியான சொங்காக் பலகை இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். 14 குழி, குழிக்கு 7 காய், மொத்தம் 98. ஒரு விதியை மட்டும் சேருங்கள்: முந்தைய காய் விழுந்த சத்தம் நின்ற பிறகே அடுத்தது. முழு ஆட்டம் வேண்டாம், ஆளுக்கு மூன்று முறை போதும். டியூஷன் முடிந்து பசியோடு வரும் நேரத்தில் இதெல்லாம் எடுபடாது. குளித்துச் சாப்பிட்ட பிறகு பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் 1884இல் அமைந்த பினாங்குத் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்கள், ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொண்டுபோகலாம். சாப்பாட்டுப் பையை மட்டும் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், நீண்டவால் குரங்குகளுக்கு நெகிழிப் பை என்றாலே தின்பண்டம்தான். வாசல் வாகன இரைச்சலைத் தாண்டி உள்ளே போய், ஆளுக்கு ஐந்தாறு அடி தள்ளி உட்காருங்கள். தாளின் நடுவில் ஒரு புள்ளி, அதுதான் நாம். எந்தத் திசையில் சத்தம் கேட்டாலும் அந்தப் பக்கம் ஒரு குறி, தூரம் என்றால் தள்ளி, கிட்டே என்றால் ஒட்டி. அழகாக வரைய ஆரம்பித்தால் கேட்பது நின்றுவிடும், அதனால் கோடும் வட்டமும் மட்டும். ஐந்து நிமிடம் கழித்துத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் தாளில் இல்லாத குறி ஒன்று பிள்ளையின் தாளில் இருக்கும். அது எந்தப் பக்கம் என்று காட்டச் சொல்லி, அங்கே நடந்து போய்ப் பாருங்கள்.