போப்பாண்டவர் வாழ்ந்த மாளிகையில் வாடகைக்கு: புளோரன்ஸ் நகரில் ஒரு தங்கல்

இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா நோவெல்லா ரயில் நிலையத்தில் இறங்கி, போர்கோ பின்ட்டித் தெருவுக்குப் போக வேண்டுமென்றதும் டாக்ஸி ஓட்டுநர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார். பழைய நகரத்தின் பெரும்பகுதிக்குள் அனுமதியில்லாத வாகனங்கள் நுழையக் கூடாது. எல்லையில் நிற்கும் கேமராக்கள் எண் பலகையைப் படமெடுத்துவிடும், அபராதம் பின்னர் ஊர் தேடி வரும். ஆகவே வாடகைக் கார் எடுக்கும் எண்ணத்தை நானும் என் மனைவியும் தொடக்கத்திலேயே கைவிட்டிருந்தோம். குறுகலான அத்தெருவின் வடகோடியருகே வண்டி நின்றபோது, எதிரே இருப்பது நகரத்தின் விலையுயர்ந்த விடுதிகளுள் ஒன்று என்று நம்பும்படியாக எதுவும் தென்படவில்லை. புளோரன்ஸ் செல்வர்களின் வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் தெருவுக்கு ஒரு வெற்றுச் சுவரைக் காட்டிவிட்டுத் தம் செல்வத்தை உள்ளே வைத்துக்கொள்ளும்.

இன்று ஃபோர் சீசன்ஸ் விடுதியாக இயங்கும் இக்கட்டடத்தின் பெயர் கெரார்தெஸ்கா மாளிகை. 15ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டுவித்தவர் பார்த்தொலொமேயோ ஸ்காலா. மாவு அரைக்கும் ஆலைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, சட்டம் படித்து, நகரத்தில் செல்வாக்கு மிகுந்த வங்கியாளர்களான மெடிச்சி குடும்பத்தின் ஆதரவால் 1465இல் புளோரன்ஸ் குடியரசின் தலைமைச் செயலர் பதவிக்கு வந்தவர். பிறப்பைச் சுட்டி அவரை ஏளனம் செய்த கவிஞர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். நுழைந்தவுடன் வரும் முற்றத்தில் நின்றால் அந்த ஏளனத்துக்கு அவர் அளித்த பதில் சுவரிலேயே இருப்பதாக எனக்குப் பட்டது. ஸ்காலா தாமே இலத்தீனில் எழுதிய நீதிக்கதைகளைத் தழுவிய பன்னிரண்டு சுதைச் சிற்பப் பலகைகள் அங்கே வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. போர், போதை, அலட்சியம், வெற்றி என்று ஒவ்வொரு பலகையிலும் ஒரு கருத்து உருவம் கொண்டு நிற்கிறது. இவற்றைச் செய்தவர் சிற்பி தொனாத்தெல்லோவின் மாணவரும், இளம் மைக்கேலாஞ்சலோவுக்கு வழிகாட்டியவருமான பெர்தொல்தோ என்று கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். வேறோர் ஊரில் இருந்திருந்தால் கயிறு கட்டி, காவலர் நிறுத்தி, நுழைவுச்சீட்டுக் கொடுத்துக் காட்டியிருப்பார்கள். இங்கே பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிற விருந்தினர் பலர் அவற்றை நிமிர்ந்தும் பார்க்காமல் வரவேற்பு மேசைக்குப் போய்விடுகிறார்கள்.

மேசையில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். விருந்தினர் விவரங்களைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது இத்தாலியில் சட்டக் கட்டாயம். மலிவான விடுதியானாலும் அரண்மனையானாலும் இதில் வேறுபாடில்லை.

ஸ்காலாவுக்குப் பின் இந்த வீடு கைமாறிய கதை, புளோரன்ஸில் பணமும் அதிகாரமும் யார் யாரிடம் இருந்தன என்பதன் கதையுங்கூட. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்தின் பேராயராக இருந்த அலெஸாந்த்ரோ தே மெடிச்சி இதை வாங்கினார். 1605 ஏப்ரலில் பதினோராம் லியோ என்ற பெயரில் அவர் போப்பாண்டவரானார். ஆனால் அந்த மாதமே இறந்துபோனார். மொத்தம் 27 நாள் பதவி. வீடு அவருடைய சகோதரி வழியாகக் கெரார்தெஸ்கா பிரபுக் குடும்பத்துக்குச் சென்று, ஏறத்தாழ 300 ஆண்டுகள் அவர்களிடமே இருந்தது. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்திலுள்ள நரக காண்டத்தில், பீசா நகரக் கோபுரமொன்றில் பிள்ளைகளோடு அடைக்கப்பட்டுப் பட்டினியால் மாண்ட உகோலினோ பிரபு வருகிறாரே, அவர் இந்தக் குலத்தவர்தாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட காலத்தில் எகிப்தை ஆண்டு, 1879இல் பதவியிழந்து இத்தாலிக்கு வந்த இஸ்மாயில் பாஷா மாளிகையை வாங்கினார். அதன் பிறகு ஓர் உலோகத் தொழில் நிறுவனத்தின் கையிலும் இருந்துவிட்டு, பல ஆண்டுகள் நீடித்த புனரமைப்புக்குப் பின் 2008இல் விடுதியாகத் திறக்கப்பட்டது.

ஓவியம் தீட்டிய விதானத்தின் கீழ் உறங்கும் வாய்ப்பு மாளிகையின் சில அறைகளுக்கே உண்டு. அவற்றின் கட்டணம் எங்களுக்கு எட்டாதது. தோட்டத்தின் மறுபுறம், முன்னொரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்த தனிக் கட்டடத்தில் எங்களுக்கு அறை. கனமான திரைகள், பளிங்குக் குளியலறை, கால் புதையும் விரிப்பு என்று எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. உலகின் எந்தப் பெரிய நகரத்திலும் இந்த அளவு பணத்துக்கு அவை கிடைக்கும் என்பதால் அவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை. ஆனால் மறுநாள் காலை கால்மணி நேர நடையில் இருக்கும் சான் மார்க்கோ மடத்துக்குப் போனபோது என் எண்ணம் அந்த அறைக்கே திரும்பிற்று. அங்கே துறவிகளின் சிற்றறை ஒவ்வொன்றிலும் துறவியும் ஓவியருமான ஃப்ரா ஆஞ்செலிக்கோவும் அவருடைய உதவியாளர்களும் தீட்டிய சுவரோவியம் ஒன்று உண்டு. அதைத் தவிர ஒரு சிறு சன்னலும் வெறுந்தரையும்தான். அந்த மடத்தைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்த வங்கியாளர் கோசிமோ தே மெடிச்சிகூடத் தமக்கென்று அங்கே இரட்டை அறை ஒன்றை வைத்துக்கொண்டு அவ்வப்போது போய் இருந்திருக்கிறார். அவருடைய நகர மாளிகையும் அருகில்தான். பெரும் பணக்காரர் எளிமையைத் தேடிப் போன மடத்தைப் பார்த்துவிட்டு, மடமாக இருந்த இடத்தில் பளிங்குத் தொட்டியில் குளிக்கத் திரும்பியது எனக்குச் சிறிது கூச்சமாகவே இருந்தது. என் மனைவிக்கு அப்படியேதும் தோன்றவில்லை. வெந்நீர் நன்றாக வருகிறது என்றார்.

கொடுத்த பணத்துக்கு உண்மையான ஈடு தோட்டம்தான் என்பேன். கற்களால் ஆன நெருக்கமான நகரத்தின் நடுவே ஏறக்குறைய 11 ஏக்கர் பரப்பில் அது விரிந்து கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய பாணிக்கு மாற்றப்பட்டதால் நேர்க்கோட்டுப் பாத்திகள் இல்லை. வளைந்து செல்லும் பாதைகள், வயதான பெருமரங்கள், மேட்டின் மீது தூண்களோடு ஒரு சிறு கோயில் வடிவம். உஃபிஸி கலைக்கூடத்தின் வரிசையிலும், கதீட்ரலின் கும்மட்டத்துக்கு ஏறும் 463 படிகளிலும் உழன்றுவிட்டு வருபவருக்கு இந்த நிழல் எவ்வளவு பெரிது என்பது கோடையில் அங்கே போனவர்களுக்குத் தெரியும். தெருவின் வடமுனையைத் தாண்டினால் வாகனங்கள் சூழ்ந்த தீவுபோல ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங் 1861இல் அடக்கம் செய்யப்பட்ட இடம். அப்போது அது நகர மதிலுக்கு வெளியே இருந்தது. 1865இல் புளோரன்ஸ் இத்தாலியின் தலைநகரானபோது மதிலை இடித்துச் சாலை போட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. புளோரன்ஸ் அமைந்துள்ள தஸ்கனி வட்டார ரொட்டியில் உப்புப் போடுவதில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நாக்குக்கு முதல் வாய் பெரிய ஏமாற்றம். அதே பழைய ரொட்டியைக் கருங்கீரையும் வெள்ளைப் பீன்ஸும் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, ரிபொல்லீத்தா என்ற கெட்டியான சூப்பாகத் தரும்போதுதான் அந்த ரொட்டி எதற்காக அப்படி இருக்கிறது என்பது விளங்கும். சைவ உணவுக்காரர்கள் நம்பிக் கேட்கலாம். இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளவும். இதைச் சாந்த் அம்ப்ரோஜோ சந்தைப் பக்கத்து எளிய உணவகங்களில் சாப்பிடுவதே நல்லது.

கட்டணத்தையும் சொல்லிவிட வேண்டும். சுற்றுலாப் பருவத்தில் ஓர் இரவுக்கு ஆயிரம் யூரோவை எளிதாகத் தாண்டிவிடும். ஐந்து நட்சத்திர விடுதி என்பதால் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 8 யூரோ நகர வரியும் தனியாகச் சேர்ந்தது. நாள் முழுதும் அருங்காட்சியகங்களில் கழித்து, உறங்க மட்டும் திரும்புபவர்கள் இந்தப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. முற்றத்திலுள்ள மதுக்கூடத்தில் வெளியாரும் அமரலாம். ஒரு காப்பிக்கு நகரத்தின் மற்ற கடைகளைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கொடுக்க மனமிருந்தால், ஸ்காலாவின் சுதைச் சிற்பங்களை அவசரமின்றிப் பார்த்துவிட்டு வரலாம். கூட்டம் சேர்வதற்கு முன்பு, முற்பகலில் போங்கள்.