லேன் கணக்குப் பார்த்து வாங்கிய வொர்க்ஸ்டேஷன்

சாலிகிராமத்தில் ஒரு சின்ன கலர் கிரேடிங் ரூம் (படக் காட்சிகளின் நிறத்தைச் சீர்செய்யும் இடம்) நடத்துகிறேன். பழைய மெஷின் தள்ளாட ஆரம்பித்ததும் தெரிந்தவர்களிடமெல்லாம் யோசனை கேட்டேன். எல்லோரும் சொன்னது பிராசஸரின் கோர் கணக்கு: பதினாறு கோர் போதும், இருபத்துநாலு எடு, ஐ9 எடு, ரைசன் எடு. எனக்கு வேண்டியதோ வேறு கணக்கு. கிரேடிங் செய்யும் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் பாரம் சுமப்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான். அதைச் சுற்றி நான் செருக வேண்டிய கார்டுகளுக்கு இடம் எங்கே என்பதுதான் கேள்வி.

லேன் என்பது பிராசஸருக்கும் செருகும் கார்டுகளுக்கும் இடையே டேட்டா ஓடும் பிசிஐஇ பாதை. எந்தக் கார்டுக்கு எத்தனை லேன் என்று பேப்பரில் எழுதிப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டு இரண்டு, ஆளுக்கு 16 லேன். ஹார்ட் டிஸ்க் வரிசைக்கு எஸ்ஏஎஸ் கார்டு, 8. ஸ்டோரேஜ் சர்வரோடு பேச 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு, 8. கிரேடிங் மானிட்டருக்கு சிக்னல் அனுப்பும் டெக்லிங்க், 4. தற்காலிக ஃபைல்களை (கேஷ்) எழுத, என்விஎம்இ எனும் வேகமான எஸ்எஸ்டி டிரைவ் நான்கை ஏற்றிய ஒரு கார்டு, 16. மொத்தம் 68.

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் (பிராசஸர் உட்காரும் இடம்) வரும் ரைசனில் மொத்தமே 28 லேன். போர்டின் மற்ற இணைப்புகளைக் கவனிக்கும் சிப்செட்டுக்கு 4 போனால் நம் கையில் 24. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் 20. கிராபிக்ஸ் கார்டை 8 லேனில் ஓட்டினாலும் பெரிய நஷ்டம் இல்லை என்பது உண்மைதான். அப்படிக் குறைத்தாலும் 52 வருகிறது.

கடையில் மதர்போர்டைக் காட்டி, “இதோ நீளமா மூணு ஸ்லாட் இருக்கே சார்” என்பார்கள். நீளத்தை நம்பக் கூடாது. மூன்றாவது நீள ஸ்லாட்டில் பல போர்டுகளில் ஓடுவது 4 லேன், அதுவும் சிப்செட் வழியாக. ஏஎம்5 சிப்செட்டிலிருந்து பிராசஸருக்குப் போகும் பாதை நான்காம் தலைமுறை பிசிஐஇ 4 லேன், அதாவது நொடிக்கு சுமார் 8 ஜிபி. சாட்டா, யூஎஸ்பி, நெட்வொர்க், கூடுதல் எம்.2 (எஸ்எஸ்டி செருகும் இடம்) எல்லாம் அந்த ஒரே குழாயில்தான் குடம் வைத்து நிற்கின்றன. மேனுவலைத் தரவிறக்கி பிளாக் டயகிராம் பக்கத்தைப் பாருங்கள். விளம்பரப் பக்கத்தில் வராததெல்லாம் அந்த ஒரு படத்தில் இருக்கும்: எந்த ஸ்லாட் பிராசஸரிலிருந்து வருகிறது, எந்த எம்.2-வில் டிரைவ் போட்டால் எந்த ஸ்லாட் பாதியாகும் என்பது வரை.

அடுத்த படி ஏஎம்டியின் வொர்க்ஸ்டேஷன் பிராசஸரான திரெட்ரிப்பர். 2023 நவம்பரில் வந்த 7000 வரிசை, டிஆர்எக்ஸ்50 போர்டு, ஐந்தாம் தலைமுறை லேனே 48. அருமையான சாமான். ஆனால் வரிசையிலேயே மலிவான 7960எக்ஸின் அறிமுக விலை 1,499 டாலர். அதன் மேல் நம்மூர் 18 சதவீத ஜிஎஸ்டி, பிறகு போர்டு, பிறகு ஆர்டிம் எனும் சர்வர் வகை டிடிஆர்5 ரேம் (சாதாரண டெஸ்க்டாப் ரேம் அதில் ஏறாது). என் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. இன்னொரு மனக்குறையும் உண்டு. 2019இல் டிஆர்எக்ஸ்40 போர்டு வாங்கியவர்களுக்கு அந்த சாக்கெட்டில் அடுத்த தலைமுறை பிராசஸரே வரவில்லை. ‘பின்னால அப்கிரேட் பண்ணிக்கலாம்’ என்ற வாக்கை அந்த வரிசையில் நான் விலை கொடுத்து வாங்கத் தயாரில்லை.

பழைய பிராண்டட் வொர்க்ஸ்டேஷன்களையும் பார்த்தேன். இரட்டை ஜியான் (இன்டெல்லின் சர்வர் பிராசஸர்) போட்டவை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் மூன்றாம் தலைமுறை பிசிஐஇ. சில ஸ்லாட்டுகள் இரண்டாவது பிராசஸர் இருந்தால்தான் உயிர்பெறும். பவர் சப்ளையும் அந்தந்தக் கம்பெனியின் சொந்த வடிவம், போனால் மாற்றுக்கு அலைய வேண்டும். விட்டுவிட்டேன்.

கடைசியில் நின்றது, டேட்டா சென்டர்கள் கழற்றிப் போடும் ஏஎம்டியின் சர்வர் பிராசஸரான எபிக். 2019இல் வந்த 7002 வரிசையில் எந்த மாடலை எடுத்தாலும் நான்காம் தலைமுறை லேன் 128, எட்டு சேனல் (ரேமுக்குப் போகும் பாதை) டிடிஆர்4. மலிவு மாடல், உயர்ந்த மாடல் என்ற பேதமே இதில் இல்லை, எனக்குப் பிடித்ததே அதுதான். கிளாக் மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். 24 கோர் 7402பி உச்சத்தில் 3.35 கிகாஹெர்ட்ஸ்தான். 16 கோர் 7எஃப்52 3.9 வரை போகும், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷ் நினைவகம் 256 எம்பி, ஆனால் 240 வாட் குடிக்கும். எட்டு கோரை விட்டுக்கொடுத்து வேகத்தை எடுத்தேன்.

போர்டில் போட்டி இரண்டுக்குள். சூப்பர்மைக்ரோவின் எச்12எஸ்எஸ்எல்-ஐ, ஏஎஸ்ராக் ரேக்கின் ரோம்டி8-2டி. இரண்டிலும் ஏழு ஸ்லாட். முன்னதில் ஐந்து 16 லேன், இரண்டு 8 லேன். பின்னதில் ஏழும் 16 லேன், கூடவே இரண்டு 10 கிகாபிட் நெட்வொர்க் போர்ட்டும் அதிலேயே உண்டு. அதையே எடுத்தேன். லேன் கணக்கு தீர்ந்ததும் இடக் கணக்கு தொடங்குகிறது: என் கிராபிக்ஸ் கார்டான ஆர்டிஎக்ஸ் ஏ5000 ஒவ்வொன்றும் இரண்டு ஸ்லாட் அகலம். இரண்டு கார்டுக்கு நான்கு, எஸ்ஏஎஸ், டெக்லிங்க், என்விஎம்இ ஆளுக்கொன்று. ஏழும் சரியாக நிரம்பிவிட்டது, நெட்வொர்க் கார்டு போர்டிலேயே இருப்பதால் தப்பித்தேன். மூன்று ஸ்லாட் தடிமனான கேமிங் கார்டு இரண்டைப் போட்டிருந்தால் ஆறு ஸ்லாட் அதற்கே போயிருக்கும், 128 லேன் இருந்தும் பயனில்லை. ஒரு விஷயம்: ரோம்டி8-2டியின் இரண்டாவது ஸ்லாட் மட்டும் எம்.2, ஓகுலிங்க் (கேபிள் வழியாக டிரைவ் இணைப்பது) இணைப்புகளோடு லேனைப் பகிர்ந்துகொள்ளும், எதற்குப் போக வேண்டும் என்பதை ஜம்பரை மாற்றித்தான் சொல்ல வேண்டும்.

பழைய எபிக் வாங்குவதில் பெரிய கண்ணி பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட். சில சர்வர் கம்பெனிகளின் போர்டில் ஒருமுறை பூட் ஆன சிப், அந்தக் கம்பெனிக்கே பூட்டப்பட்டுவிடும். உள்ளே ஃபியூஸ் எரிந்துவிடுவதால் திரும்ப எடுக்க வழியில்லை. வேறு போர்டில் வைத்தால் திரையே வராது. கடைக்காரரிடம் கேட்டேன்.

“அண்ணே, இது எந்த சர்வர்ல இருந்து கழட்டினது?”

“லாட்ல வந்தது தம்பி. பிராண்டெல்லாம் நமக்குத் தெரியாது.”

“அப்ப என் போர்டைக் கொண்டாந்து இங்கயே ஏத்திப் பாக்கறேன். பயாஸ் வந்தா காசு.”

கொஞ்சம் முறைத்துவிட்டு ஒத்துக்கொண்டார். அங்கேயே சோதித்துத்தான் எடுத்தேன். ரேமும் அங்கேதான். ஸ்டிக்கரில் பிசி4-3200ஏஏ-க்கு அடுத்து ஆர் என்று இருந்தால் ஆர்டிம், எல் என்றால் எல்ஆர்டிம் என்ற வேறு வகை. இரண்டையும் கலக்கக் கூடாது. எட்டும் ஒரே மாதிரி 32 ஜிபி, மொத்தம் 256. நான்கு ஸ்லாட்டை மட்டும் நிரப்பினால் பாதி பேண்ட்வித் வீண். போர்டு, பிராசஸர், ரேம் மூன்றும் சேர்ந்தே அந்த ஒரு 7960எக்ஸின் விலைக்குள் அடங்கிவிட்டன.

அசெம்பிள் செய்யும்போது சாக்கெட்டின் மூன்று திருகுகளை 1, 2, 3 என்று அதில் போட்டிருக்கும் வரிசைப்படி, சரியான முறுக்கத்தில் இறுக்க வேண்டும். பயாஸில் ஒரு ரேம் சேனல் காணாமல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான், ரேமை அல்ல. நான்கு என்விஎம்இ கார்டுக்கு அந்த ஸ்லாட்டை பயாஸில் 4-4-4-4 என்று பிரிக்க வேண்டும், இல்லையேல் ஒரே ஒரு டிரைவ்தான் தெரியும்.

இதோடு வாழ்வது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். சர்வர் போர்டு ஆன் ஆகி விண்டோஸ் வரச் சில நிமிஷம் ஆகும், டீ வாங்கி வந்துவிடலாம். ஸ்லீப் கிடையாது. ஆடியோ ஜாக் கிடையாது, ரூமில் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் இருப்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை. சத்தமில்லாத மெதுவான ஃபேன் போட்டால், சர்வர் அறைக்குப் பழகிய போர்டுகள் ஃபேன் செத்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் முழு வேகத்தில் அலற விடக்கூடும். தூரத்திலிருந்து மெஷினைக் கட்டுப்படுத்தப் போர்டிலேயே இருக்கும் ஐபிஎம்ஐ வசதி வழியாக ஃபேன் வேகத்தின் கீழ் வரம்பைக் குறைத்து வைத்தால் அடங்கும். அதே ஐபிஎம்ஐயால் வீட்டில் உட்கார்ந்தபடி பிரவுசரிலேயே மெஷினை ஆன் செய்து பயாஸ் வரை போக முடிகிறது. இரவு ரெண்டர் நின்றுபோனால் வண்டி எடுக்க வேண்டியதில்லை.

ரிசால்வின் ஃப்யூஷன் பகுதியில் கனமான காம்போசிட் (பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது) செய்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒற்றைக் கோர் வேகத்தில் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் ரைசன் 7950எக்ஸ் முன்னால் இது நிற்காது. வீடியோவைப் பிரிக்க இன்டெல் சிப்புகளில் வரும் குவிக் சிங்க் வசதியும் எபிக்கில் இல்லை. ஏ5000 கார்டுக்கும் 4:2:2 (கூடுதல் நிறத் தகவல் கொண்ட) எச்.265 ஃபுட்டேஜை ஹார்ட்வேரில் பிரிக்கத் தெரியாது. அந்த வகை ஃபைல் வந்தால் அசிஸ்டென்ட்டின் இன்டெல் மெஷினில் எடிட்டிங்குக்கு ஏற்ற டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கு மாற்றித்தான் என் டைம்லைனுக்கு வருகிறது.