24ஆம் தேதிக்குள்

பிப்ரவரி 2

காலையில் லேப்டாப் பட்டனை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். தலை துவட்டி வந்து பார்த்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. 24ஆம் தேதி அப்பா ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், அதற்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

பிப்ரவரி 3

உள்ளே எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டிஸ்க் 100 சதவீதம் என்கிறது. அதற்குள் போய்ப் பார்த்தால் விநாடிக்கு 2 எம்பி கூடப் படிக்கவில்லை. வேலை அதிகமாகி 100 தொட்டால் சரி. வேலையே நடக்காமல் எப்படி 100? 'சராசரி பதில் நேரம்' 4000 மில்லி விநாடிக்குப் போய்விட்டு இறங்குகிறது. நல்ல ஹார்ட் டிஸ்க் என்றால் இருபது, முப்பதுக்குள் இருக்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஸ்டார்ட்அப் பட்டியலில் எப்போதோ ஒரு மீட்டிங்குக்காகப் போட்ட ஆப்புகள், பிரிண்டரோடு வந்தவை, எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தது. ஒன்றையொன்று சந்தேகப்பட்டு ஒவ்வொரு ஃபைலையும் இருமுறை பார்க்கும், ஒன்று போதும். பழைய விண்டோஸ் ஃபோல்டர் ஒன்றே 20 ஜிபிக்கு மேல் அடைத்திருந்தது, அதுவும் போனது. இடம் நிறையக் கிடைத்தது. வேகம் கிடைக்கவில்லை.

தம்பி போனில், "அக்கா, வயசாயிடுச்சுல்ல, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு" என்கிறான். வயதானால் மெதுவாகும் என்று எல்லாரும் ஏன் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்? பிராசஸர் தேய்வதில்லை. என்ன காரணம் என்று தெரியாமல் நான் எதையும் தூக்கிப் போடுவதாக இல்லை.

பிப்ரவரி 4

அப்பா இன்று நன்றாகப் பேசினார். அவர் பேசுவதை இந்த லேப்டாப்பில்தான் ரிக்கார்ட் செய்கிறேன். ரிக்கார்டிங் இரண்டு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது.

பிப்ரவரி 5

டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தேன். மஞ்சள், அதாவது எச்சரிக்கை. சி5 என்ற வரியில் 24.

டிஸ்க்கால் படிக்க முடியாமல், என்ன செய்வது என்று முடிவாகாமல் நிற்கும் செக்டார்களின், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகளின், எண்ணிக்கை அது. அப்படி ஓர் இடத்தில் மாட்டினால் டிஸ்க் அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். அதுவரை பின்னால் இருக்கிற எல்லாம் காத்திருக்கும். 2 எம்பிக்கும் 100 சதவீதத்துக்கும் கணக்கு இப்போது சேர்கிறது. குப்பை சேர்ந்து மெதுவாகவில்லை. டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது.

அப்பாவின் ரிக்கார்டிங் ஃபோல்டர் முழுக்க அதில்தான் இருக்கிறது.

இரவு, அதே நாள். சிதறிய ஃபைலை அடுக்க டிஃப்ராக் ஓட்டு, பிழையைத் திருத்த செக்டிஸ்க் ஓட்டு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். போகிற டிஸ்க்கில் இரண்டும் கூடாது. டிஸ்க்கைப் படிக்கும் தலையை மூலை முடுக்கெல்லாம் இழுத்தடிக்கும், மிச்சமிருக்கும் ஆயுசும் அதிலேயே தீரும். முதலில் காப்பி, பிறகுதான் சுத்தம். சாதாரண காப்பி, பேஸ்ட்டும் கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். கெட்ட டிஸ்க்கிலிருந்து காப்பி எடுக்கவென்றே இருக்கும் டிடிரெஸ்க்யூ அப்படியில்லை. படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாததைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகும். கடைசியில்தான் திரும்பி வந்து போராடும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) போட்டு அதிலிருந்து பூட் செய்து, வெளி டிஸ்க்கை மாட்டி ஓட்டிவிட்டேன். தூக்கம் வரவில்லை. திரையில் எண்கள் நகர்கின்றன, நிற்கின்றன, நகர்கின்றன.

பிப்ரவரி 6

99 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. வந்துவிட்டது!

பிப்ரவரி 7

ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டேன். ஒன்று மட்டும் மூன்றாவது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். "எந்த இடத்துல நின்னுச்சு? அங்கேருந்து மறுபடி சொல்றேன், ஆன் பண்ணு."

இனி ரிக்கார்டிங் எல்லாம் போனில்தான். அன்றன்றே இரண்டு இடத்தில் காப்பி.

பிப்ரவரி 8

சி5: 32.

பிப்ரவரி 9

புதிது வாங்குவது பற்றி. காலையிலிருந்து இதே வேலை.

இந்த லேப்டாப்பில் விண்டோஸ் 10. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் வரை. பிராசஸர் ஐந்தாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. ஆக, அலுவலக வேலைக்குப் புதிது வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை.

விலை குறைந்ததில் பார்க்கும்போது ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: பிறகு மாற்ற முடியாதது எது? திரை, பிராசஸர், போர்டோடு பற்றவைத்த ரேம், பற்றவைத்த ஸ்டோரேஜ். காசைக் கொட்ட வேண்டிய இடம் இவைதான். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மிக மலிவானதில் 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ் வருகிறது. அது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டில்லாத வேகமான டிஸ்க், இல்லை. மெமரி கார்டுக்கு நெருங்கிய சொந்தம், போர்டில் பற்றவைத்தது. விண்டோஸ் அப்டேட் இரண்டு முறை வந்தால் இடமே இருக்காது. வேண்டவே வேண்டாம்.

ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் பெயர்களைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. 7520யூ, 7530யூ இரண்டும் 'ரைசன் 5'. பத்துதான் வித்தியாசம் போலத் தெரிகிறது. மூன்றாவது இலக்கத்தில் இருக்கிறது விஷயம். 2 என்றால் ஜென் 2, 2019இல் வந்த வடிவமைப்பு, 7520யூவில் நான்கு கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் அலகு. 3 என்றால் ஜென் 3, 7530யூவில் ஆறு கோர். இதை எந்த விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. போதாததற்கு 7520யூவில் ரேம் எப்போதும் பற்றவைத்ததுதான். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8.

திரை 1366க்கு 768 என்றால் அடுத்த பக்கம் போய்விடுகிறேன். நாள் முழுக்கத் தமிழ் அடிக்கிறவளுக்கு அந்தத் திரையில் சாயங்காலத்துக்கு மேல் ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடும். 1920க்கு 1080, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிப்ரவரி 10

ஆஸ்பத்திரி. அப்பா திரும்பி வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம். 24ஆம் தேதி வரை இன்னும் பேசலாம்தானே.

பிப்ரவரி 12

கை சும்மா இருக்க முடியாமல் பழையதைத் திறந்தேன். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றினேன். ஃபேன் வெளியே தூசியே இல்லாமல் பளிச்சென்று இருந்தது. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே, வெளியிலிருந்து தெரியாத இடத்தில், சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படலம். ட்வீசரால் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுசாக வந்தது. சூடு வெளியேற வழியில்லாமல் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, பாவம். இறக்கை சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதினேன். தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது, துடைத்துப் புதிதாக வைத்தேன்.

பழைய ஹார்ட் டிஸ்க் இடத்தில் பொருந்தும் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று ஆர்டர் போட்டாயிற்று. இதில் போடத்தான். எதற்கென்று தம்பியிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 13

புதியது முடிவாகிவிட்டது. இன்டெல் ஐ3 1215யூ பிராசஸர், ஆறு கோர். 512 ஜிபி என்விஎம்இ, சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி. ரேம் 8 பற்றவைத்தது, கூடவே காலி ஸ்லாட் ஒன்று. அந்தக் காலி ஸ்லாட்டுக்காகவே இது. இன்டெலின் என்100 பிராசஸர் இதைவிட மலிவு, பிரவுசரும் டைப்பிங்கும் மட்டும் என்றால் அதுவே போதும். எனக்கு ஆடியோ எடிட்டிங் இருக்கிறது.

பிப்ரவரி 16

எஸ்எஸ்டி வந்தது, மாட்டினேன், மின்ட் ஏற்றினேன். பட்டனை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை வந்து நிற்கிறது. அதே பிராசஸர், அதே ரேம்.

பிப்ரவரி 17

பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 18

அப்பா முப்பது வருஷம் தட்டச்சு மெஷினில் வேலை பார்த்த கை. மின்ட்டில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய இரண்டு விசைப்பலகை முறைகளோடு பழைய தட்டச்சு விசைப்பலகையும் இருக்கிறது, ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்து, எழுத்தைப் பெரிதாக்கி, அவர் மடியில் வைத்தேன். புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுமே இல்லை. கீயைப் பார்க்காமல் அடித்தார். "கீ ரொம்ப மெத்துன்னு இருக்கு" என்றார் வாய்திறந்து. பிறகு அதையே அடித்தும் காட்டினார்.

பிப்ரவரி 20

புதியது வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்கவில்லை. அப்பா பேசிக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 22

பழையதன் பேட்டரி நாற்பது நிமிடம்தான் நிற்கிறது. வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நீள வயர் எக்ஸ்டென்ஷன், சார்ஜர், வெளி டிஸ்க், ஹெட்போன், அப்பாவின் கண்ணாடி