கர்தினால் வீட்டில் காகித முகங்கள்

பாரீஸ் போனதும் முதல் வேலையாக ரிஷ்லியூ தெருவுக்குப் போய் நின்றேன். அன்று திங்கட்கிழமை, அங்கே தேசிய நூலகத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. முன்னாடியே பார்க்காதது என் தப்பு. எதிரில் இருந்த சின்னப் பூங்காவில் ரொட்டியைத் தின்றுவிட்டு, மறுநாள் திரும்பி வந்தேன்.

பிரெஞ்சு தேசிய நூலகத்தின் பழைய கட்டடம் இது. இதில் ஒரு பகுதி கர்தினால் மஸாரினின் மாளிகையாக இருந்தது. கர்தினால் என்றாலும் பூசை வைக்கும் பாதிரியார் அல்ல அவர். சிவப்பு அங்கிக்குள் இருந்தது நாட்டை நடத்திய மந்திரி. மாடியில் அவர் பெயரிலேயே ஒரு நீண்ட கூடம். ரோமானெல்லி என்ற ஓவியர் வரைந்த விதானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துவிட்டது.

ஆனால் நான் வந்தது காகிதத்துக்காக. செப்புத்தகட்டில் உருவத்தைச் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் எடுக்கும் படத்தைத்தான் அச்சு என்கிறேன். ரொபேர் நாந்தெய் என்ற செப்புத்தகட்டுக் கலைஞர், வான் ஸ்கூப்பன் என்பவருடன் சேர்ந்து 1659இல் செய்த அச்சு ஒன்று உண்டு. மஸாரின் தன் மாளிகைக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். பழைய அச்சுகளுக்கு வெளிச்சம் ஆகாது, மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். அன்று அந்தப் படம் வெளியே இல்லை. சரி என்று, அவர் வீட்டிலேயே நின்று அவரைக் கைபேசியில் பார்த்தேன்.

நாந்தெய் ரெய்ம்ஸ் ஊர்க்காரர், 1623இல் பிறந்தவர். மாணவராக இருந்தபோது தன் ஆய்வுரைக்கான அச்சுப்படத்தைத் தானே செதுக்கினாராம். அந்தக் காலத்தில் படிப்பு முடித்து வாதம் செய்யும் மாணவர் தன் ஆய்வுரையைப் பெரிய மனிதர் ஒருவருக்குக் காணிக்கையாக்குவார்; அந்தப் புரவலரின் முகத்தோடு தாள் அச்சாகிக் கைமாறும். ஆயர்களும் மடாதிபதிகளும் மந்திரிகளும் இத்தனை பேர் செம்பில் ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். 1658இல் நாந்தெய் அரசவைக் கலைஞரானார். இருநூற்றுக்கும் மேற்பட்ட முகங்கள் செதுக்கியிருக்கிறார்.

வேலை லேசுப்பட்டதல்ல. தோல் மெத்தைமேல் தகட்டை வைத்து, வலது கையில் உளியை நிறுத்தி, இடது கையால் தகட்டைத் திருப்ப வேண்டும். கோடு வளைவது பாதி தகட்டின் திருப்பத்தில்தான். எல்லாம் கண்ணாடிப் பிம்பம்போல இடம் வலம் மாறி வேறு. கோடு பிசகினால் சுரண்டி, பின்னாலிருந்து தட்டிச் சமப்படுத்தி, மறுபடி முதலிலிருந்து.

இரவு அறையில் நூலகத்தின் மின்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மிஷெல் து மரோல் என்ற மடாதிபதியை க்ளோது மெலான் 1648இலும், நாந்தெய் 1657இலும் செதுக்கியிருக்கிறார்கள். மெலான் குறுக்குக்கோடே போடமாட்டார். ஒரே திசையில் ஓடும் கோடு தடிப்பதிலும் மெலிவதிலும் முகம் வந்துவிடும். நாந்தெய் தோலுக்குப் புள்ளியும் குட்டிக் கீறலும், துணிக்கு நீளக்கோடும் வைத்திருக்கிறார். கெட்டிக்காரத்தனத்தில் மெலான்தான். ஆனால் ஒரு மனிதரைச் சந்தித்த மாதிரி இருந்தது நாந்தெயிடம். கண்ணுக்குக் கீழே தொங்கும் சதையைக்கூட மறைக்கவில்லை.

இந்த மரோல் தான் சேர்த்த 1,20,000க்கும் அதிகமான அச்சுகளை 1667இல் மன்னருக்கு விற்றார். இங்கே இருக்கும் அச்சுச் சேகரத்துக்கு அதுதான் அஸ்திவாரம். விற்ற கையோடு மனிதர் புதிதாகச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்.