முப்பத்து மூன்று பிரேம்களுக்காக ஓர் இரவுப் பயணம்

ஏறத்தாழ 60 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறுகோள், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்மீனைச் சில விநாடிகள் மறைக்கப்போகிறது என்றும், அதன் நிழல் நாங்கள் மூவரும் காரில் சென்று சேரக்கூடிய தூரத்தில் தரையைக் கடக்கும் என்றும் தெரிந்தபோது, நிழலின் நடுவில் யார் நிற்பது என்பதில்தான் முதல் வாக்குவாதம் எழுந்தது. நடுவில் நிற்பவருக்கு மறைப்பு நீண்டு கிடைக்கும். ஓரத்தில் நிற்பவருக்கு எதுவுமே கிடைக்காமல் போகலாம். சீட்டுப் போட்டதில் நடுக்கோட்டிலிருந்து தெற்கே 28 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஓரம் எனக்கு வந்தது.

மூன்றாம் நண்பர் வடக்கே 40 கிலோமீட்டரில், பாதைக்கு வெளியே, தாமாகவே விரும்பி நின்றார். விண்மீனின் ஒளி நம்மை இணைகதிர்களாக வந்தடைவதால் நிழலின் அகலமும் சிறுகோளின் அகலமும் ஒன்றுதான்; ஆகவே வெளியே நிற்பவர் ஒன்றும் காணாமல் திரும்பினாலும், சிறுகோளின் எல்லை அதுவரை நீளவில்லை என்பதற்கு அவரே சாட்சி. உடலின் எல்லைக்கு வெளியேயும் ஏதேனும் சிக்கலாம்: சாரிக்லோ என்ற சிறுகோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது 2013-இல் தெரியவந்ததும், முக்கிய மறைப்புக்கு முன்னும் பின்னும் விண்மீன் கணநேரம் மங்கியதை வைத்துத்தான்.

விளக்கில்லாத ஒரு மண்சாலையோரத்தில் காரை நிறுத்தினேன். என் தொலைநோக்கிக்கு வானத்தோடு சேர்ந்து திரும்பும் மோட்டார் கிடையாது. அதனால், இலக்கு விண்மீன் செல்லவிருக்கும் அதே தடத்தில் ஒரு மணி நேரம் முன்னே செல்லும் வேறொரு விண்மீனை நடுவில் பிடித்து, தொலைநோக்கியை அப்படியே இறுக்கிவிட்டேன். மீதியைப் பூமியின் சுழற்சி பார்த்துக்கொள்ளும். அதன் பிறகு முக்காலியில் கால் இடறினால் வந்ததே வீண் என்பதால், பக்கத்தில் நடக்கக்கூட அஞ்சினேன்.

தொல்லை நேரக் கருவியில் வந்தது. கேமராவின் ஒவ்வொரு பிரேமிலும் நேரத்தைப் பொறிக்கும் ஜிபிஎஸ் கருவி, பேட்டரி இணைப்பு தளர்ந்திருந்ததால் நடுவில் அணைந்து, மறைப்புக்கு 20 நிமிடம் இருக்கும்போதுதான் மீண்டும் உயிர்பெற்றது. ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 2017 முதல் 18 விநாடி முந்தி ஓடுகிறது. அந்த வேறுபாட்டைச் செயற்கைக்கோள்களிடமிருந்து முழுமையாகப் பெற்றுத் திருத்திக்கொள்ளக் கருவிக்குப் பன்னிரண்டரை நிமிடம் வரை தேவைப்படலாம். அதற்கு முன் திரையில் தெரியும் நேரத்தை நம்ப முடியாது. கைப்பேசிக் கடிகாரத்தைக் கொண்டு சமாளிக்கலாமே என்று தோன்றும். ஆனால் அன்றைய நிழல் விநாடிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது, பத்தில் ஒரு விநாடி பிசகினால் சிறுகோளின் ஓரம் 1.6 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். கண்ணால் பார்த்து நிறுத்துகடிகாரத்தை அழுத்துபவரின் விரல் இதைவிடவே தாமதிக்கும்.

திருத்தம் முடிந்த சில நிமிடங்களில் இலக்கு விண்மீன் திரையின் ஓரத்தில் நுழைந்து மெல்ல நடுவுக்கு வந்தது. வளிமண்டலத்தில் அது நடுங்கும் ஒவ்வொரு முறையும் மறைப்பு தொடங்கிவிட்டதோ என்று ஏமாந்தேன். உண்மையான மறைப்பில் ஏமாற இடமே இருக்கவில்லை: மங்காமல், தயங்காமல், விண்மீன் ஒரேயடியாக இல்லாமல் போயிற்று. சிறுகோளின் சொந்த ஒளி என் கேமராவுக்கு எட்டாத அளவு மங்கல் என்பதால் அந்த இடம் வெறும் கருமையாக நின்றது. நான் மூச்சை விடுவதற்குள் விண்மீன் திரும்பிவிட்டது.

வீட்டில் எண்ணிப் பார்த்தபோது, விநாடிக்கு 25 பிரேம் என்ற கணக்கில் 33 பிரேம்களில் விண்மீன் இல்லை; அதாவது 1.32 விநாடி, சிறுகோளின் உடலில் 21 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு. நடுவில் நின்றவருக்கு 3.7 விநாடி கிடைத்தது. வடக்கே நின்றவர் சிமிட்டாத விண்மீனை முழுமையாகப் பதிவு செய்து வந்தார். இரண்டு கோடுகளின் நீளமும் 60 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அழகாகப் பொருந்தின. ஆனால் என் கோட்டின் நடுப்புள்ளி, வட்டமாக இருந்தால் விழவேண்டிய இடத்திலிருந்து 2 கிலோமீட்டர் விலகி விழுந்தது. நேரக் கணக்கில் அது எட்டில் ஒரு விநாடிதான். கைப்பேசிக் கடிகாரத்தை நம்பியிருந்தால் அதைக் கடிகாரத்தின் பிழை என்று தள்ளியிருப்போம். இப்போது அந்தச் சிறுகோளின் தெற்கு ஓரம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது என்று வரைந்து வைத்திருக்கிறோம்.